புதன் இரவும் வெள்ளிக் காலையும்: 1955இல் புணே கேட்ட பாடல்கள்

இந்தித் திரையிசையின் வரலாற்றை எழுதப் புகும் ஆய்வு மாணவர் பெரும்பாலும் முதலில் கையில் எடுப்பது ஒரு பட்டியலைத்தான். இலங்கை வானொலியில் ஒலித்த ‘பினாக்கா கீத்மாலா’ ஆண்டுதோறும் வெளியிட்ட தரவரிசை அது. 1953இல் ‘அனார்கலி’, 1954இல் ‘டாக்ஸி டிரைவர்’, 1955இல் ‘ஸ்ரீ 420’, 1956இல் ‘சி.ஐ.டி.’ என ஒவ்வோர் ஆண்டின் தலையிலும் ஒரு படத்தின் பாடல் முடிசூடி நிற்கிறது. ஆண்டைச் சொன்னால் பாடல் நினைவுக்கு வருகிறது. பாடலைச் சொன்னால் ஆண்டு நினைவுக்கு வருகிறது. இவ்வளவு ஒழுங்கான சான்று கையில் இருக்கையில், ‘1955இல் இந்தியா எதைக் கேட்டது?’ என்னும் வினாவுக்கு விடை முடிந்துவிட்டதாகவே தோன்றும். உடுப்பெல்லாம் அயல்நாட்டுச் சரக்கு, உள்ளம் மட்டும் இந்தியம் என்று ராஜ் கபூர் திரையில் பாடி நடந்த பாட்டு. சைலேந்திராவின் சொற்கள், சங்கர்–ஜெய்கிஷனின் இசை, முகேஷின் குரல்.

அதே 1955ஐப் புணே நகரத்தில் நின்று கேட்டால் விடை அவ்வளவு எளிதாக முடிவதில்லை. அந்த நகரத்தில் அவ்வாண்டு வாரத்திற்கு இரண்டு முறை வானொலிப் பெட்டியின் முன் கூட்டம் கூடியது. ஒன்று, புதன்கிழமை இரவு 8 மணிக்குக் கொழும்பிலிருந்து சிற்றலையில் வந்த கீத்மாலா. மற்றொன்று, வெள்ளிக்கிழமை காலை 8.45 மணியளவில் புணே ஆகாசவாணியிலிருந்து வந்த ‘கீத் ராமாயண்’. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ முப்பத்தேழு மணி நேரம். முதலாவது பட்டியலில் இருக்கிறது. இரண்டாவது எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந்த இரட்டை நிலைக்குக் காரணமானவராக ஒருவரைச் சுட்ட வேண்டுமென்றால் அவரும் புணேக்காரரே. 1903இல் அந்நகரில் பிறந்தவர் பி. வி. கேஸ்கர். காசி வித்யாபீடத்திலும் பின்னர்ப் பாரீசிலும் கற்றவர். துருபத் இசையில் பயிற்சி உடையவர். 1952 முதல் 1962 வரை நேருவின் அரசில் தகவல் ஒலிபரப்புத் துறை அவர் பொறுப்பில் இருந்தது. அத்துறையை அத்தனை ஆண்டுகள் தொடர்ந்து வைத்திருந்தவர்கள் அரியர். திரையிசை மக்களின் செவியைக் கெடுக்கிறது என்பது அவருடைய உறுதியான கருத்து. ஆகாசவாணியில் அதன் நேரத்தைச் சுருக்கினார். பாடல்களை முன்கூட்டியே சலித்தெடுக்கச் செய்தார். படத்தின் பெயரைச் சொல்வது இலவச விளம்பரம் என்று கூறி அதையும் நிறுத்தினார். தயாரிப்பாளர்கள் சினந்து ஒலிபரப்பு உரிமத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டனர். முறையான தடையாணை என்று ஒன்று இல்லாமலேயே திரைப்பாடல் தேசிய வானொலியிலிருந்து மறைந்தது.

கேட்பவர் மறையவில்லை. அவர் முள்ளைத் திருப்பினார், அவ்வளவுதான். இரண்டாம் உலகப் போரின்போது தென்கிழக்காசியப் படைத் தலைமையகத்திற்காகக் கொழும்பில் நிறுவப்பட்ட ஆற்றல் மிக்க சிற்றலைப் பரப்பி, போர் முடிந்தபின் இலங்கை வானொலியின் கைக்கு வந்திருந்தது. 1950இல் அதன் வர்த்தக சேவை தொடங்கியிருந்தது. தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிய செய்தியன்று, எஸ். பி. மயில்வாகனனின் குரலுக்காக மாலை நேரங்களில் கொழும்பைத் தேடிய குடும்பங்களின் கதை இங்கே பலருக்கும் வீட்டுக் கதை. அதே அலைவரிசைக் குடும்பத்தின் இந்திப் பக்கத்தில், 1952 டிசம்பர் 3, புதன்கிழமை, இருபது வயது நிரம்பக் காத்திருந்த அமீன் சயானி என்னும் பம்பாய் இளைஞர் பேசத் தொடங்கினார். வாரத்திற்கு இருபத்தைந்து ரூபாய் ஊதியம். நிகழ்ச்சி பதிவானது பம்பாயில். ஒலிநாடா வானூர்தியில் கொழும்புக்குப் போகும். அங்கிருந்து அலையாக இந்தியாவுக்குத் திரும்பி வரும். புணேயிலிருந்து பம்பாய் சில மணி நேர இரயில் பயணம். அந்தத் தொலைவைக் கடக்க ஒரு பாட்டு கடல் தாண்டிப் போய்வர வேண்டியிருந்தது.

கீத்மாலாவின் தோற்றத்தைத் தனித்த இந்திய நிகழ்வாகக் கருதுவது வழக்கமாகிவிட்டது. அக்காலத்தை சற்று அகலமாகப் பார்த்தால் வேறொரு படம் கிடைக்கும். இலண்டனில் ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ இதழ் பிரித்தானியாவின் முதல் இசைத்தட்டு விற்பனைத் தரவரிசையை வெளியிட்டது 1952 நவம்பர் 14இல். அதாவது கீத்மாலாவுக்குப் பத்தொன்பது நாள் முன்னர். இதழின் ஊழியர் ஒருவர் சுமார் இருபது கடைகளுக்குத் தொலைபேசியில் பேசி எண்களைத் திரட்டியதே அதன் முறை. அமெரிக்க வானொலியில் இத்தகைய அணிவகுப்புகள் 1930களிலேயே இருந்தன. இலங்கை வானொலியிலேயே ஆங்கிலப் பாடல்களுக்காகப் பினாக்கா பற்பசை நிறுவனம் நடத்திய ‘ஹிட் பரேட்’ ஒன்று முன்னதாக இருந்தது. கீத்மாலா அதன் இந்தி மறுவடிவம். ஆனால் தொடக்கத்தில் அது தரவரிசையே அன்று என்பதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஏழு பாடல்கள் முன்பின்னாக ஒலிக்கும். நேயர்கள் அவற்றைச் சரியான வரிசையில் அடுக்கி எழுதி அனுப்ப வேண்டும். சரியாக அடுக்கியவருக்கு நூறு ரூபாய்ப் பரிசு. முதல் ஒலிபரப்புக்கே ஒன்பதாயிரம் கடிதங்கள் குவிந்தன என்றும், ஓராண்டிற்குள் அது வாரத்திற்கு அறுபத்தையாயிரமாக உயர்ந்தது என்றும் சயானி பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். அத்தனை கடிதங்களைப் பிரித்துப் படிப்பது மனிதரால் இயலாத செயல் என்று ஆனபோதுதான் போட்டி கைவிடப்பட்டு, தரவரிசை முறை வந்தது. அஞ்சல் மூட்டையின் எடையே தரவரிசையைப் பெற்றெடுத்தது எனலாம்.

வரிசைக்கான தரவு எங்கிருந்து வந்தது? நாட்டின் பல ஊர்களில் தேர்ந்தெடுத்த இசைத்தட்டுக் கடைகளின் விற்பனைக் கணக்கிலிருந்து. பின்னாளில் நேயர் மன்றங்களின் வாக்கும் சேர்க்கப்பட்டது. கடைக்காரர் சொல்லும் எண்ணை மட்டும் நம்ப முடியாத நிலையும், தட்டு தீர்ந்துபோனால் பாடல் சரிந்துவிட்டதுபோலத் தோன்றும் நிலையும் அதற்குக் காரணங்கள். சயானி எண்களை எண்களாகச் சொல்லவில்லை. படிக்கட்டின் படி என்று சொன்னார். ஒரு பாடல் இந்த வாரம் இத்தனை படி ஏறியது, இத்தனை படி இறங்கியது என்று கதை சொன்னார். உச்சியைத் தொட்டால் எக்காளம் முழங்கும். சகோதரிகளை முதலில் விளித்துச் சகோதரர்களைப் பின்னர் விளித்த அந்தக் குரலின் மொழியும் கவனத்துக்குரியது. ஆகாசவாணியின் செய்தி இந்தி வடமொழிச் சொற்களால் கனத்துவந்த காலம் அது. சயானியின் தாயார் குல்சும் காந்தியின் வேண்டுகோளை ஏற்று ‘ரஹ்பர்’ என்னும் இதழை எளிய இந்துஸ்தானியில், நாகரி, உருது, குஜராத்தி ஆகிய மூன்று எழுத்துகளில் நடத்தியவர். மகன் பேசியது அந்த இதழின் மொழியை. கேஸ்கர் விரும்பிய இந்தியாவிலிருந்து இந்த நிகழ்ச்சி விலகி நின்றது இசையால் மட்டுமன்று.

இங்கே புணேயின் பக்கம் திரும்ப வேண்டும். இந்நகரத்தை வெறும் கேட்குமிடமாகக் கொள்வது பிழை. 1933இல் கோலாப்பூரிலிருந்து பிரபாத் திரைப்பட நிறுவனம் இடம்பெயர்ந்து வந்தது இங்கேதான். 1950களின் தொடக்கத்தில் அது நொடித்து மூடப்பட்டபோது அதன் கலைஞர்கள் பம்பாய் முழுவதும் பரவியிருந்தனர். 1955இல் ‘ஜனக் ஜனக் பாயல் பாஜே’ எடுத்த வி. சாந்தாராமும் அதற்கு இசையமைத்த வசந்த் தேசாயும் பிரபாத்தின் பிள்ளைகள். செவ்வியல் இசையின் தலைநகராகவும் புணே தன்னை வளர்த்துக்கொண்டிருந்தது. தம் ஆசிரியர் சவாய் கந்தர்வர் 1952இல் மறைந்தபின் பீம்சேன் ஜோஷி அவர் பெயரில் இசைவிழாவைத் தொடங்கியது 1953இல். திரையிசையும் செவ்வியலிசையும் இந்நகரத்தில் தனித்தனி வீடுகளில் குடியிருக்கவில்லை. அதே ஜோஷி 1956இல் ‘பசந்த் பகார்’ படத்தில் மன்னா தேயோடு போட்டிப் பாடல் பாடி, கதைப்படி தோற்றும் கொடுத்தார்.

தமிழ் வாசகருக்கென ஓர் இடைச்செருகல்: அதே 1955இன் பெருவெற்றிப் படங்களுள் ஒன்றான ‘ஆசாத்’, கோயம்புத்தூர் பட்சிராஜா நிறுவனத்தின் எஸ். எம். ஸ்ரீராமுலு நாயுடு தம் ‘மலைக்கள்ளன்’ படத்தை இந்தியில் மீண்டும் எடுத்தது. எம்.ஜி.ஆர். ஏற்ற வேடத்தில் திலீப் குமார். இசை, அகமத்நகர் மாவட்டத்துப் புண்தாம்பேயில் பிறந்த சி. ராமச்சந்திரா. ஒரு பாடலைத் தாமே பாடவும் செய்தார். கீத்மாலாவின் ‘இந்திப் பாடல்’ என்னும் சொல்லுக்குள் இப்படி எத்தனை ஊர்கள் கரைந்திருக்கின்றன என்பதற்கு இது ஒரு சான்று.

புணே ஆகாசவாணி நிலையம் 1953 அக்டோபர் 2இல் தொடங்கியது. இளம் நிலையம், நிரப்ப வேண்டிய நேரமோ நிறைய. கேஸ்கரின் கொள்கை திரைப்பாடலை வெளியேற்றியதோடு நிற்கவில்லை. அதன் இடத்தில் வைக்க மெல்லிசைப் பிரிவுகளை நிலையங்கள்தோறும் ஏற்படுத்தியது. கவிஞர்களையும் இசைஞர்களையும் அழைத்து வானொலிக்கென்றே பாடல் உருவாக்குவது திட்டம். பெரும்பாலான இடங்களில் அது சோர்வளிக்கும் முயற்சியாகவே முடிந்தது என்பது பொதுவான தீர்ப்பு, அத்தீர்ப்பு தவறன்று. மராத்தியில் மட்டும் நிலத்தில் ஏற்கெனவே ஈரம் இருந்தது. கஜானன் வாட்வே போன்றோர் தனிப்பாடலை மேடையேற்றி, பாவகீதம் என்னும் வடிவத்தை நடுத்தர வர்க்க வீடுகளில் நிலைநிறுத்தியிருந்தனர். நிலையத்தில் பணியாற்றிய சீதாகாந்த் லாட், தம் நண்பரும் கவிஞருமான ஜி. டி. மாட்கூள்கரிடம் தொடர் நிகழ்ச்சி ஒன்று கேட்டார். இராமாயணம் முழுவதையும் பாடல்களாக, வாரம் ஒன்றாக எழுதுவது என்று முடிவாயிற்று. இசைக்குச் சுதீர் பட்கே.

இருவரும் 1919இல் பிறந்தவர்கள். இருவருமே திரையுலகத்தினர் என்பதுதான் இங்கே முதன்மையான செய்தி. மாட்கூள்கர் 1947இல் ‘லோகசாகீர் ராம் ஜோஷி’ படத்திற்காகத் தமாசா மேடையின் லாவணிகளை எழுதிப் புகழ்பெற்றவர். பின்னர்ச் சாந்தாராமின் ‘தோ ஆங்கேன் பாரா ஹாத்’ படத்திற்குக் கதை எழுதியவரும் அவரே. பட்கே பிரபாத்தின் ‘கோகுல்’ வழியாக இசையமைப்பாளரானவர். 1954இல் தாத்ரா–நகர்ஹவேலியைப் போர்த்துகீசியரிடமிருந்து விடுவிக்கப் போன தன்னார்வலர்களிலும் ஒருவர். திரைப்பாடலை வானொலியிலிருந்து துரத்திய அமைச்சரின் பிறந்த ஊர் நிலையம், அந்த வெற்றிடத்தை நிரப்பத் திரைப்பாடல் எழுதும் கையையும் திரைக்கு மெட்டமைக்கும் கையையும் அழைத்தது. இதை முரண் என்று சொல்லி நகர்ந்துவிடுவது எளிது. மூன்று நிமிடத்துக்குள் ஒரு பாத்திரத்தின் மனநிலையைப் பிடித்து நிறுத்தும் திறனை இருவரும் கற்ற பள்ளி திரைப்படமே என்பதை ஏற்றுக்கொண்டால், கீத் ராமாயணின் வெற்றியில் கேஸ்கரின் கொள்கைக்கு உள்ள பங்கையும் அதற்கு எதிரான சாட்சியத்தையும் ஒருசேரக் காணலாம்.

1955 ஏப்ரல் 1, இராமநவமி, வெள்ளிக்கிழமை, முதல் பாடல். அதற்கான வரிகளை மாட்கூள்கர் முன்னரே கொடுத்திருந்தார் என்றும், பட்கே அந்தத் தாளைத் தொலைத்துவிட்டார் என்றும், சினந்த கவிஞரை லாட் ஓர் அறையில் இருத்திக் கதவை மூடியதும் அவர் கால் மணி நேரத்தில் புதிதாக எழுதிக்கொடுத்தார் என்றும் மராத்தியில் ஒரு கதை வழங்குகிறது. சொல்பவருக்கேற்ப அதன் நிமிடங்கள் கூடியும் குறைந்தும் வரும். பாடல் பூப் இராகத்தில் அமைந்தது. நம் மோகனத்தின் வடநாட்டு உறவு அது. இராமனின் வேள்விச்சாலையில் குசனும் இலவனும் தந்தையின் கதையைத் தந்தைக்கே பாடிக்காட்டும் காட்சியோடு தொடர் தொடங்கியது. வெள்ளி காலையில் புதிய பாடல். அது சனியும் ஞாயிறும் மறுபடி ஒலிக்கும். ஐம்பத்திரண்டு வாரத் திட்டம் ஐம்பத்தாறு பாடலாக நீண்டதற்குக் காரணம் பஞ்சாங்கம். அவ்வாண்டு அதிக மாதம் வந்ததால் அடுத்த இராமநவமி 1956 ஏப்ரல் 19க்குத் தள்ளிப்போயிற்று. முதல் ஏப்ரலிலிருந்து எண்ணினால் வெள்ளிக்கிழமைகள் ஐம்பத்தைந்து. இராமநவமியன்று, வியாழக்கிழமை, ஐம்பத்தாறாவது. இசைக்கச்சேரி மரபுப்படி பைரவியில் முடிந்தது.

ஐம்பத்தாறையும் ஒரே குரல் பாடவில்லை. பட்கேயோடு மாணிக் வர்மா, லலிதா பட்கே, வசந்தராவ் தேஷ்பாண்டே, ராம் பாடக், சுரேஷ் ஹள்தண்கர் முதலானோர் தத்தம் பாத்திரங்களுக்கேற்பப் பாடினர். புணே நாளேடுகள் வாரந்தோறும் பாடலின் வரிகளை அச்சிட்டன. சில வீடுகளில் வானொலிப் பெட்டிக்கு மாலை சூட்டிக் கற்பூரம் காட்டினர். பின்னால் 1980களில் தொலைக்காட்சி இராமாயணத்திற்கு நடந்ததாகச் சொல்லப்படும் அத்தனையும் ஒரு தலைமுறைக்கு முன்பே, படமில்லாத பெட்டிக்கு, ஒரு நகரத்தில் நடந்திருக்கிறது.

அந்த ஓராண்டு அமைதியான ஆண்டன்று. 1955 அக்டோபரில் மாநிலச் சீரமைப்பு ஆணையத்தின் அறிக்கை வெளிவந்தது. மராத்தி பேசுவோருக்குத் தனி மாநிலம் என்ற கோரிக்கை அதில் நிறைவேறவில்லை. நவம்பரிலும் அடுத்த சனவரியிலும் பம்பாய்த் தெருக்களில் துப்பாக்கிச் சூடு, பலர் மாண்டனர். 1956 பிப்ரவரி 6இல் சம்யுக்த மகாராஷ்டிர சமிதி உருவானது புணேயில். இந்த வாரங்களுக்கு நடுவே வெள்ளிதோறும் மராத்தியில் ஒரு பாடல் வந்துகொண்டிருந்தது. பாடலுக்கும் போராட்டத்திற்கும் நேர்க்கோடு இழுப்பது அவசரமான ஆய்வு. ஆனால் ஒரு மொழியினர் தமக்கென ஓர் எல்லையைக் கேட்டுக்கொண்டிருந்த அதே மாதங்களில், எல்லோரும் ஒரே நேரத்தில் ஒரே பாடலைக் கேட்டு மனப்பாடம் செய்தார்கள் என்பதைச் சமூக வரலாறு எழுதுவோர் அடிக்குறிப்பில் தள்ளிவிட முடியாது. இன்னொன்றையும் கூடவே சொல்ல வேண்டும். எல்லோரும் என்ற சொல்லின் அளவு என்ன? வானொலிப் பெட்டியும் அதற்கான உரிமக் கட்டணமும் எல்லா வீட்டுக்கும் எட்டியவை அல்ல. பேட்டைகளின் நெருக்கமான குடியிருப்புகளில் ஒரு பெட்டியைப் பல குடும்பங்கள் கேட்டன. அவர்கள் எதைக் கேட்டார்கள் என்பதைப் பெட்டிக்கு உரியவரே முடிவு செய்தார்.

இனி முதல் வினாவுக்குத் திரும்பலாம். கீத் ராமாயண் ஏன் பட்டியலில் இல்லை? மராத்தி என்பதால் என்பது எளிய விடை. கீத்மாலா இந்திக்குரியது, அதில் மராத்திப் பாடல் இடம்பெற வழியில்லை. இதைவிட ஆழமான காரணம் தரவு சேர்க்கும் முறையிலேயே இருக்கிறது. தரவரிசை எண்ணியது கடையில் விற்ற தட்டை. எழுபத்தெட்டுச் சுழல் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ மூன்று நிமிடம் கொள்ளும். பல கண்ணிகள் கொண்ட கீத் ராமாயண் பாடல்கள் அந்த அளவுக்கு அடங்குவன அல்ல. அவை ஒலிபரப்புக்கென்றே பிறந்தவை. விலைக்குக் கிடைக்காத பாடலை எத்தனை பேர் நேசித்தாலும் கடைக்காரரின் ஏட்டில் அது பூச்சியம்தான். ஒரு பாடலை இருபது பேர் வாங்கினார்கள் என்பதும் ஒரு நகரமே நேரம் குறித்துக் காத்திருந்தது என்பதும் இரு வேறு செயல்கள். முதலாவதை எண்ண முடியும் என்பதால் நாம் அதையே வரலாறாக எழுதிவருகிறோம்.

இது கீத்மாலாவைக் குறைத்துச் சொல்வதன்று. அப்பட்டியல் இல்லையெனில் 1950களின் இரசனை பற்றிப் பேசுவதற்கு விமர்சகர்களின் சினமும் அமைச்சரின் அறிக்கைகளும் மட்டுமே எஞ்சியிருக்கும். ஜும்ரி தலையாவைப் போன்ற மைக்கா சுரங்கச் சிற்றூர் ஒன்று நாடு முழுவதும் பெயர் அறியப்பட்டது வானொலிக்கு அது எழுதித் தள்ளிய விருப்பக் கடிதங்களால். அத்தகைய ஊர்கள் நாட்டின் இரசனைக் கணக்கில் தம்மைச் சேர்த்துக்கொண்ட விதம் எந்த அரசு ஆவணத்திலும் இல்லை. ஆயினும் ஒரு பட்டியலை ஆவணமாகக் கொள்ளும்போது அது எதை எண்ணியது, எதை எண்ண இயலாமற் போயிற்று என்று கேட்பது ஆய்வின் முதற்கடன். புணேயின் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில், 1964இல் அது தோன்றியதிலிருந்து, படச்சுருளோடு சுவரொட்டிகளும் அரங்க வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களும் சேர்க்கப்பட்டு வந்துள்ளன. எத்தனை பேர் தட்டு வாங்க இயலாமல் அணா விலைக்கு அந்தப் புத்தகத்தை வாங்கிப் பாடினார்கள் என்பதை எந்தத் தரவரிசையும் கேட்கவில்லை. அந்தப் பழுப்புத் தாள்களின் ஓரங்களில் பென்சிற் குறிப்புகள் இருந்தால், அவையும் ஒருவகைத் தரவரிசையே.

1957 அக்டோபரில் ஆகாசவாணி ‘விவித் பாரதி’யைத் தொடங்கித் திரைப்பாடலைத் திரும்ப அழைத்தது. கேஸ்கர் அப்போதும் அமைச்சர்தாம். அதே மாதம், விசயதசமியன்று, கீத் ராமாயணின் பாடல்களை நடுவண் அரசின் வெளியீட்டுப் பிரிவு சிறு நூலாகக் கொணர்ந்தது. அவர் தோற்ற போரும் வென்ற போரும் ஒரே மாதத்தில் பதிவாயின. 1989இல் கீத்மாலாவே விவித் பாரதிக்குக் குடிபெயர்ந்து, 1994 வரை அங்கே ஒலித்தது.

இன்று 1955ஐ நினைவுகூர்வோர் கேட்பது 1955இன் ஒலியை அன்று. பட்கே கீத் ராமாயணைப் பல்லாண்டுகள் மேடைதோறும் தனி ஒருவராகப் பாடினார்; பின்னர் ஐம்பத்தாறு பாடல்களும் அவர் குரலிலேயே நெடுந்தட்டுகளாக வந்தன. மாணிக் வர்மாவும் வசந்தராவும் பாடிய வெள்ளிக் காலைகளின் இடத்தில் அந்தத் தட்டுகள் அமர்ந்துகொண்டன. கோசலையும் சீதையும் அனுமனும் மராத்தி நினைவில் இப்போது ஒரே ஆணின் குரலில் பேசுகிறார்கள். சயானியும் முதுமையில் ஆண்டுவாரியான தரவரிசைகளை மீண்டும் தொகுத்து, புதிதாகப் பேசிக் குறுந்தட்டுகளாக வெளியிட்டார். 2024 பிப்ரவரியில் அவர் மறைந்தபோது செய்தி நிறுவனங்கள் ஒலிக்கவிட்ட குரலில் பலவும் பழுத்த முதியவருடையது. படிகளை எண்ணிக்கொண்டு ‘ஸ்ரீ 420’ஐ உச்சிக்கு ஏற்றிய 1955ஆம் ஆண்டின் குரலுக்கு வயது இருபத்திரண்டு.